ஒரே உருவம் திரும்பத் திரும்ப வரும் படத்தில் லயத்தைக் கொண்டுவருவது எப்படி?

கேள்வி:
வரிசையாக அமைந்த சன்னல்கள், கம்பி வேலிகள், ஓட்டுக் கூரைகள் ஆகியவற்றைச் சில காலமாகப் படமெடுத்து வருகிறேன். பிரேம் முழுவதும் ஒரே உருவம் நிறைந்திருந்தும், பார்ப்பவர்கள் ஒரு நொடி பார்த்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். படத்தில் பேட்டர்ன் இருக்கிறது, லயம் இல்லை என்கிறார் ஒரு நண்பர். இவ்விரண்டுக்கும் என்ன வேறுபாடு? படமெடுக்கும்போதே லயத்தைக் கொண்டுவர முடியுமா?

முதல் பதில்:
உங்கள் நண்பர் சொன்னது சரியே. ஒரே உருவம் சம இடைவெளியில் அடுக்கப்பட்டிருந்தால் அது பேட்டர்ன். இடைவெளியோ அளவோ ஒளியோ படிப்படியாக மாறி, கண்ணை ஒரு திசையில் அழைத்துச் சென்றால் அங்கே லயம் பிறக்கிறது. கம்பி வேலிக்கு நேரெதிரே நின்று எடுத்தால் கம்பிகள் சம தூரத்தில் அசையாமல் நிற்கும். அதே வேலியை ஒட்டி நின்று, அதன் நீளவாக்கில் அகன்ற பரப்பைக் காட்டும் 24 மி.மீ. லென்ஸால் எடுத்துப் பாருங்கள்: அருகிலுள்ள கம்பிகளுக்கு நடுவே அகன்ற வெளியும், தொலைவு கூடக்கூட நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் கோடுகளும் கிடைக்கும். நன்றாகத் தள்ளி நின்று தொலைவிலுள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் 200 மி.மீ. லென்ஸால் எடுத்தால் கம்பிகள் ஏறத்தாழ ஒரே அளவில் அடுக்கினாற்போலத் தெரியும். இந்த மாற்றத்துக்கு லென்ஸே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் காரணம் நீங்கள் நிற்கும் தூரம். எவ்வளவு பரப்பு பிரேமுக்குள் வரவேண்டும் என்பதை மட்டுமே லென்ஸ் தீர்மானிக்கிறது.

இரண்டாம் பதில்:
ஒளியையும் கவனியுங்கள். வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வோர் ஓட்டின் விளிம்புக்குக் கீழும் மெல்லிய நிழல் படிகிறது. உச்சி வெயிலில் அந்த நிழல் சுருங்கி, கூரை தட்டையாகிவிடுகிறது.

வரிசையைக் குலைக்கும் ஓர் உருவத்தைச் சேர்க்கச் சொல்வார்கள். மூடிய சன்னல்களிடையே திறந்த ஒன்று இருப்பது போல. அதை நட்டநடுவில் வைக்காதீர்கள் என்பது என் கருத்து. கண் சில வரிசைகளைக் கடந்த பிறகே அதைச் சந்திக்க வேண்டும்.

பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியேன் ழூல் மாரே 1880-களில் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். இயக்கத்தின் அடுத்தடுத்த நிலைகளை அவர் சம கால இடைவெளியில் ஒரே ஒளிப்படத் தகட்டில் பதிவு செய்தார். காலம் சமமாக இருந்தும், வேகம் கூடும் இடத்தில் உருவங்கள் விலகுகின்றன, குறையும் இடத்தில் நெருங்குகின்றன. நீங்கள் கேட்கும் லயத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படங்களை நான் பார்த்ததில்லை.

மூன்றாம் பதில்:
ஓர் எச்சரிக்கை மட்டும். மெல்லிய வலை, நெருக்கமான நெசவு போன்றவற்றின் பிம்பம் கேமராவின் சென்சாரில் (ஒளியைப் பதிவு செய்யும் பகுதியில்) விழும்போது, அதிலுள்ள இடைவெளி சென்சாரின் பிக்சல் இடைவெளியை நெருங்கினால், பொருளில் இல்லாத அலைக்கோடுகள் படத்தில் தோன்றும்; இதை மோரே என்பார்கள். பின்னர் திருத்துவது கடினம் என்பதால், எடுத்தவுடன் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்து, தேவைப்பட்டால் தூரத்தையோ கோணத்தையோ சற்று மாற்றி மீண்டும் எடுத்துவிடுங்கள்.