சங்கரன் அண்ணன் ஆபரேஷன் (அவங்க இல்லாத குரூப்)

திங்கள், இரவு 8:40

சிவா: அப்பா இல்லாம தனி குரூப் போட்டிருக்கேன். பழைய குரூப்ல ஆபரேஷன் பேச்சே வேண்டாம். படுத்துக்கிட்டு ஃபோனைத்தான் நோண்டிட்டிருக்காங்க.

சிவா: வியாழன் காலைல ஆபரேஷன். ரெண்டு யூனிட் ரத்தம் கேட்டிருக்காங்க, எந்த குரூப்னாலும் பரவாயில்லையாம். புதன் ராத்திரி கூட யார் இருப்பீங்கன்னு சொல்லுங்க. அம்மா மூணு நாளா தூங்கல.

ராஜேஷ் மஸ்கட்: பணம் போட்டுட்டேன் பாரு

கோமதி சித்தி: முருகா 🙏🙏

உமா அத்தை: என்னையும் சேத்ததுக்கு சந்தோஷம்ப்பா. அம்மா போனப்ப எனக்குக் கடைசியாத்தான் சொன்னீங்க.

சிவா: அத்தை, இப்ப அது எதுக்கு

முத்து சித்தப்பா: ரத்தம் நான் தாரேன்

பிரியா: சித்தப்பா, உங்களுக்கு 66. எடுக்க மாட்டாங்க.

முத்து சித்தப்பா: ஆதார்ல 63தான்

பாஸ்கர் மாமா: எல்லாருக்கும் வணக்கம். நேத்து ராத்திரி பூரா உக்காந்து படிச்சேன். நாலு பகுதியா போடுதேன். நடுவுல யாரும் பேசாதீங்க.

முத்து சித்தப்பா: ரிட்டயர் ஆனாலும் பீரியட் முடியல

பாஸ்கர் மாமா: பகுதி 1. மச்சானுக்கு இருக்குன்னு டாக்டர் சந்தேகப்படுதது கிளையோபிளாஸ்டோமா, மூளையில வர்ற ஒரு புற்றுநோய்க் கட்டி. பயாப்சி வந்தாத்தான் உறுதி. இது உருண்டையா உருட்டி எடுத்துப் போடுற கட்டி இல்ல. ஓரத்துச் செல்லெல்லாம் அருகம்புல் வேர் கணக்கா நல்ல மூளைக்குள்ள ஓடியிருக்கும். 1920கள்ல அமெரிக்காவுல பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில வால்டர் டேண்டின்னு ஒரு சர்ஜன். வேற வழி தெரியாம வலது பக்க மூளையவே எடுத்துப் பாத்தாரு. அதுக்கப்புறமும் கட்டி திரும்ப வந்துச்சு. கத்தி மட்டும் பத்தாதுன்னு அதுலதான் தெரிஞ்சது.

கோமதி சித்தி: பாதி மூளையவா!!!

முத்து சித்தப்பா: அதுவும் இல்லாமலே நம்ம வார்டுல ஒருத்தர் ரெண்டு தடவ ஜெயிச்சிருக்காரு

சிவா: மாமா, அம்மா இந்த குரூப்ல இருக்காங்க

பாஸ்கர் மாமா: அக்கா இதெல்லாம் படிக்காது. ஸ்டேட்டஸ் மட்டும்தான் பாக்கும்.

அம்மா: படிக்கேன்.

பாஸ்கர் மாமா: சரிக்கா. பகுதி 2. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு தடுப்பு உண்டு. ஊசில ஏத்துத மருந்துல பெரும்பாலானது அதத் தாண்டாது. அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல ஹென்றி பிரெம்னு நியூரோசர்ஜன். அவருக்கு ஒரு யோசனை. கட்டிய எடுக்கதுக்குத் தலையத் தொறந்துதான் இருக்கு, மருந்த அங்கயே வச்சு மூடினா என்ன? அமெரிக்காவுல உள்ள எம்ஐடியில இருந்த ராபர்ட் லாங்கரோட சேந்து, கரையுற பாலிமருக்குள்ள கார்மஸ்டின்ங்குற புற்றுநோய் மருந்தக் கலந்து வில்லை செஞ்சாங்க. ஒரு ரூவா காசவிடச் சின்னது. கட்டி இருந்த குழியில எட்டு வில்லை வரைக்கும் பதிச்சிட்டு மூடிருவாங்க. ரெண்டு மூணு வாரம் மருந்து கொஞ்சங்கொஞ்சமா வெளிய வரும். 1995ல வந்த ஆய்வுல 222 பேரு, எல்லாம் கட்டி திரும்பி வந்தவங்க. மருந்து வில்லை வச்சவங்க உயிரோட இருந்தது நடுமதிப்பா 31 வாரம். வெறும் வில்லை வச்சவங்க 23 வாரம். எட்டு வாரம்! அடுத்த வருஷமே அமெரிக்காவுல அனுமதி குடுத்துட்டாங்க.

ராஜேஷ் மஸ்கட்: எட்டு வாரமா

கோமதி சித்தி: ஐயோ கடவுளே

இரவு 9:50

உமா அத்தை: அண்ணனுக்கு எட்டு வாரந்தான்னு டாக்டர் சொன்னாராமே? யாரும் எங்கிட்ட சொல்லல? தூத்துக்குடி பெரியம்மா அழுதுக்கிட்டே ஃபோன் பண்ணுதா.

சிவா: டாக்டர் அப்படி எதுவும் சொல்லவே இல்லை. யார் கிளப்பினது?

முத்து சித்தப்பா: கோமு

கோமதி சித்தி: வாத்தியாரு போட்டத அப்படியேதான் சொன்னேன். ஒரு எழுத்து கூட்டல.

பாஸ்கர் மாமா: எட்டு வாரம் மீதி இல்லம்மா. எட்டு வாரம் கூடுதல்! வித்தியாசம் 31 கழித்தல் 23.

கோமதி சித்தி: எட்டு வாரம் கூட்டதுக்கா அத்தன வருஷம் ஆராய்ச்சி பண்ணுனாரு

அம்மா: கார்த்திகா கல்யாணத்துக்கு இன்னும் எத்தன வாரம் இருக்கு?

பிரியா: 11 பெரியம்மா.

அம்மா: ம்.

பிரியா: பெரியம்மா, மாமா போட்ட கணக்கு கட்டி திரும்பி வந்தவங்களோடது. பெரியப்பாவுக்கு இது முதல் தடவை. 2005ல 573 பேருக்கு நடந்த ஆய்வுதான் இப்ப எல்லா ஆஸ்பத்திரிக்கும் அடிப்படை. ஆபரேஷன் முடிஞ்சு கதிர்வீச்சு மட்டும் எடுத்தவங்க நடுமதிப்பு 12.1 மாசம். கூடவே டெமோசோலமைடுங்கிற கீமோ மாத்திரை சாப்பிட்டவங்க 14.6 மாசம்.

பாஸ்கர் மாமா: அது பகுதி 4ல வருது

பிரியா: ரெண்டு வருஷம் தாண்டினவங்க நூத்துக்குப் பத்துப் பேர்ல இருந்து 26 ஆனாங்க. நடுமதிப்புன்னா பாதிப் பேர் அதுக்கு மேலயும் இருந்திருக்காங்க. வயசு கூடக் கூட கணக்கு குறையும், அதையும் சொல்லிடறேன். எம்ஜிஎம்டின்னு ஒரு டெஸ்ட் உண்டு, மாத்திரை யாருக்கு நல்லாக் கேக்கும்னு அதுல தெரியும். எடுக்குற சதையிலயே பாப்பாங்க. சிவா, கேட்டு வை.

சிவா: எழுதிக்கிட்டேன். நீ எங்க இருக்க?

பிரியா: நைட் ட்யூட்டி. அப்புறம் வரேன்.

உமா அத்தை: எதுக்கும் கல்யாணத்த கார்த்திகையிலயே வச்சிருவோமா? மைனி என்ன சொல்லுதீங்க?

முத்து சித்தப்பா: மண்டபம் அட்வான்ஸ் திரும்ப வராது

உமா அத்தை: அட்வான்ஸா இப்ப பெருசு? பாளையங்கோட்டை வீட்ட வித்தப்ப மட்டும் ஒரே நாள்ல எல்லாம் முடிஞ்சுச்சே.

முத்து சித்தப்பா: ஆரம்பிச்சுட்டாளா

கார்த்திகா: என் கல்யாணம். என்னைய யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?

ராஜேஷ் மஸ்கட்: தை 12 தானே? டிக்கெட் போட்டாச்சு. மாத்துனா ஃபைன்.

செவ்வாய், காலை 7:15

கோமதி சித்தி: நல்ல சேதி!! நேத்து நான் கொண்டுபோன செந்தூர் திருநீற நெத்தியில பூசுனாங்கல்லா. இன்னைக்கு இடது கையத் தூக்கி தானே காபி குடிச்சிருக்காக. ரெண்டு இட்லி கூடக் கேட்டாகளாம். 🙏

உமா அத்தை: 🙏🙏🙏

பிரியா: சித்தி, டெக்ஸாமெத்தசோன் ஊசி போகுது. ஸ்டீராய்டு. கட்டியச் சுத்தி இருக்க வீக்கம் வத்துனா கை வரும். பசியும் அதாலதான். கட்டி அப்படியேதான் இருக்கு.

கோமதி சித்தி: ஊசி நீ போடு. திருநீறு நான் போடுதேன்.

சிவா: சுகர் 280 காட்டுது. நேத்து யாராவது அல்வா குடுத்தீங்களா?

முத்து சித்தப்பா: கால் கிலோதான்

பிரியா: சித்தப்பா!!

பாஸ்கர் மாமா: பகுதி 3. ஜெர்மனியில வால்டர் ஸ்டம்மர்னு இன்னொரு நியூரோசர்ஜன். கட்டி எங்க முடியுது, நல்ல மூளை எங்க ஆரம்பிக்குதுன்னு சர்ஜன் கண்ணுக்குத் தெரியாது. ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும். ஆபரேஷனுக்குச் சில மணி நேரம் முன்னாடி 5-அலா மருந்தத் தண்ணில கரைச்சுக் குடிக்கக் குடுப்பாங்க. கட்டிச் செல்லுக்குள்ள அது வேறொரு பொருளா மாறி, மைக்ராஸ்கோப்புல நீல வெளிச்சம் போட்டா செக்கச்செவேல்னு ஒளிரும். ஒளிருதத எடுத்தா போதும். 2006ல அவர் வெளியிட்ட ஆய்வுல, எம்ஆர்ஐயில தெரியுற கட்டிய முழுசா எடுக்க முடிஞ்சது நூத்துக்கு 65 பேருக்கு. சாதா வெளிச்சத்துல 36 பேருக்குத்தான். ஒரே ஒரு பத்தியம், குடிச்சவங்க ஒரு நாளாவது பளிச்சுன்னு வெளிச்சம் படாம இருக்கணும். தோல் வெந்த மாதிரி ஆயிரும்.

முத்து சித்தப்பா: வாத்தியாரே, இது நல்லாருக்கு. நிசமாத்தான்.

சிவா: பிரியா, இத நம்ம டாக்டர்ட்ட கேக்கலாமா?

பிரியா: கேளு. அந்த மைக்ராஸ்கோப் இருந்தாத்தான் ஆகும். ஆனா ஒண்ணு, அந்த ஆய்வுல கட்டி திரும்ப வளர்றது தள்ளிப் போச்சே தவிர ஆயுசுல பெரிய வித்தியாசம் வரல. பெரியப்பாவுக்குக் கட்டி கை அசைவுக்கான இடத்துக்குப் பக்கத்துல இருக்கு. ஒளிருதுன்னு எல்லாத்தையும் எடுத்தா கை மொத்தமாப் போயிரும். எங்க நிறுத்தணும்னு சர்ஜன்தான் முடிவு பண்ணணும்.

சிவா: வில்லை?

பிரியா: அது எல்லாருக்கும் வைக்கிறதில்ல. காயம் ஆறாம நிக்கும், வீக்கம், இன்ஃபெக்‌ஷன்லாம் வரும். அவர் பேச்செடுத்தா பாப்போம்.

பாஸ்கர் மாமா: நான் வேணா டாக்டர்ட்ட நேர்ல பேசட்டா? குறிப்பெல்லாம் பிரின்ட் எடுத்து வச்சிருக்கேன்.

சிவா: வேண்டாம் மாமா

அம்மா: வேண்டாம் தம்பி

பாஸ்கர் மாமா: 22 பக்கந்தான்

சிவா: ரத்தத்துக்கு என் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர் வராங்க. அது முடிஞ்சது. புதன் ராத்திரி யாருன்னு யாரும் இன்னும் சொல்லல.

உமா அத்தை: நான் வருவேன். ஆனா முத்து இருந்தா வரல.

முத்து சித்தப்பா: நான் இருக்கேன். காலைல 6 மணிக்கு மட்டும் பஸ் ஏறணும்.

சிவா: 7 மணிக்குத்தான் தியேட்டருக்கு எடுத்துட்டுப் போறாங்க சித்தப்பா.

முத்து சித்தப்பா: அப்ப பாஸ்கர் இருக்கட்டும்

சிவா: ராத்திரி பூரா அப்பாட்ட பகுதி 4 சொல்லவா?

அம்மா: யாரும் வரவேண்டாம். நானே இருந்துக்கிடுதேன். வாரவங்க போர்வை மட்டும் எடுத்துட்டு வாங்க. அந்தப் பச்சை வேண்டாம்.

உமா அத்தை: பச்சைக்கு என்ன மைனி? நான் எடுத்துக் குடுத்தது.