தாத்தாவோட தமிழ்ப் புத்தகங்கள் பெட்டி பெட்டியா இருக்கு, எங்க விக்கலாம்?

ஈசூன்வாசி:
வணக்கம். இங்க சிங்கப்பூர்ல அம்மா அப்பா சின்ன வீட்டுக்கு மாறுறாங்க, தாத்தா சேத்து வச்ச புத்தகம் ஏழெட்டு பெட்டி இருக்கு, பாதி சென்னைல அச்சடிச்ச நாவல், மிச்சம் சமயம், பழைய விழா மலர்னு கலந்து கெடக்கு. காராங் குனிக்காரர் (பழைய சாமான் வாங்குறவர்) எடைக்குத்தான் எடுப்பேங்கிறாரு, எனக்கு மனசு வரல. பிராஸ் பாசா பழைய புத்தகக் கடைங்கள்ல எடுப்பாங்களா, இல்ல பழைய பொருள் விக்கிற கேரோசெல் ஆப்ல போடவா?

புக்கிட்_பாத்தோக்_அக்கா:
பிராஸ் பாசால ஓடுறது பெரும்பாலும் பாடப்புத்தகமும் ஆங்கில நாவலும்தான், தமிழ்னா தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி போன் போட்டுக் கேட்டுக்குங்க. கேரோசெல்தான் சரிப்படும். தலைப்ப தமிழ்லயும் போடுங்க, ஆங்கில எழுத்துலயும் போடுங்க, நம்மாளுங்க நெறைய பேர் அப்படித்தான் தேடுறாங்க. அட்டைப் படம் மட்டும் பத்தாது, பதிப்பு வருஷம் இருக்கிற பக்கம், முதுகு, பழுப்பேறின பக்கம் எல்லாம் காட்டிடுங்க, பின்னாடி சண்டை வராது. ஒண்ணு ஒண்ணா 3 வெள்ளி 4 வெள்ளின்னு போட்டா தபால் செலவே விலையத் தின்னுடும், அதனால ஒரே எழுத்தாளர் புத்தகம் அஞ்சாறு சேத்துக் கட்டி எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் பக்கத்துல நேர்ல குடுத்துட்டு பணத்த பேநவ்ல (போன்லயே பேங்க்குக்கு அனுப்புறது) வாங்கிக்குங்க. பணம் வர இந்த லிங்க்கத் தட்டுங்கன்னு மெசேஜ் வந்தா தொடவே தொடாதீங்க, அது மோசடி.

பழைய_அச்சு:
தம்பி, விக்கிறது இருக்கட்டும், மொதல்ல பிரிங்க. சென்னை நாவல் பெரும்பாலும் மறுபதிப்பு வந்திருக்கும். சிங்கப்பூர், பினாங்கு, கோலாலம்பூர்னு அச்சகம் பேரு போட்டிருக்கிறத மட்டும் தனியா வைங்க, கும்பாபிஷேக மலர், சங்க விழா மலர், பள்ளிக்கூட ஆண்டிதழ், பழைய தமிழ் முரசு பேப்பர் (அது 1935லேர்ந்து வருது) எதுவா இருந்தாலும் சரி. இதெல்லாம் கொஞ்சமா அடிச்சு ஊருக்குள்ளயே குடுத்தது, எடைக்குப் போனா போனதுதான். சிங்கப்பூர் சுதந்திரத்துக்கு (1965) அப்புறம் இங்க வந்த 50 வருஷ தமிழ் இலக்கிய நூல்கள 2015ல மின்னாக்கம் பண்ணாங்க இல்லையா, 1965க்கு முந்தினது அந்தக் கணக்குல வராது, அதனாலதான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்கு லிஸ்ட்டும் படமும் மொதல்ல அனுப்புங்க, அவங்ககிட்ட இல்லாதது இருந்தா கேப்பாங்க.

ஈசூன்வாசி:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. ரெண்டு பெட்டி பிரிச்சேன், 1950கள்ல பினாங்குல அடிச்ச சின்னச் சின்ன புத்தகம் கொஞ்சம் கெடச்சுது, ஓரமெல்லாம் ராமபாணப் பூச்சி அரிச்சிருக்கு.

புக்கிட்_பாத்தோக்_அக்கா:
அப்ப அத மத்ததோட கலக்காதீங்க, காத்துப் போகாம ஜிப் பையில போட்டு ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வைங்க, எடுத்ததும் பையத் தொறக்காம அறைச் சூட்டுக்கு வரவிடுங்க, இல்லன்னா தாள் வேர்த்துடும். செல்லோடேப் மட்டும் ஒட்டிடாதீங்க. சிறுவர் கதை ஏதாவது இருந்தா எனக்குச் சொல்லுங்க தம்பி, டியூஷன் பிள்ளைங்களுக்கு நானே வந்து வாங்கிக்கிறேன்.