லேப் பில் ஏன் வெட்டுப்படுது? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்க அனுபவங்கள்

கொடுப்பனவுக் கிளை, மட்டக்களப்பு:

அக்ரஹார, அதுதான் அரச ஊழியர் மருத்துவக் காப்புறுதி, அந்தப் படிவம் திணைக்களத் தலைவரிட கையொப்பத்தோட கொழும்புக்குப் போகமுந்தி எங்கட மேசைக்குத்தான் வரும். மருந்து பில்லில பெரிசா சிக்கல் இல்ல. லேப் பில்தான் தலையிடி. "லேப் சார்ஜஸ் 4,850" எண்டு ஒரே வரி. என்ன பரிசோதனை, எத்தனை, தனித்தனி விலை என்ன, ஒண்டும் இல்ல. அங்க பாக்கிறவர் வெட்டாம என்ன செய்வார்?

அடுத்தது பேர். டயக்னோசிஸ் கார்ட்டில முகம்மதுவை ஆங்கிலத்தில ஒரு மாதிரி எழுதியிருக்கும், லேப் பில்லில வேற மாதிரி. ஆள் ஒண்டு, கடதாசியில ரெண்டு. கவுன்டரில வாயால சொல்லாம அடையாள அட்டையை நீட்டுங்க.

தெர்மல் தாள் பில் வெயிலில கிடந்தா எழுத்து அழிஞ்சிடும். அண்டைக்கே போட்டோகொப்பி எடுத்து மூலத்தோட சேத்துப் பின் பண்ணுங்க. பத்திரமா இருக்கட்டும் எண்டு லெமினேட் மட்டும் பண்ணாதீங்க, சூட்டுக்கு முழுத்தாளும் கறுத்துப்போகும்.

எம்.எல்.ரி., களுவாஞ்சிக்குடி:

லேப்பில பரிசோதனை செய்யிற ஆள் நான். கிளை அண்ணன் சொன்ன மாதிரி வரி வரியாப் பிரிச்சு அடிக்கப் போனா மற்றப் பக்கத்தால ஒரு ஓட்டை வரும். லிப்பிட் புரொஃபைலை, அதுதான் இரத்தக் கொழுப்புப் பரிசோதனையை எடுங்க. மெஷின் உண்மையா அளக்கிறது மூண்டு: மொத்தக் கொலஸ்ட்ரோல், நல்ல கொழுப்பு எண்ட எச்.டி.எல்., ட்ரைகிளிசரைட். கெட்ட கொழுப்பு எண்ட எல்.டி.எல். பெரும்பாலும் கணக்குத்தான். மொத்தத்தில எச்.டி.எல்.ஐக் கழிச்சு, ட்ரைகிளிசரைட்டை அஞ்சால பிரிச்சு அதையும் கழிக்கிறது. ட்ரைகிளிசரைட் 400 mg/dLக்கு மேல போனா அந்தக் கணக்கும் சரிவராது, நேரடியா அளக்கவேணும். ஆனா சில பில்லில எல்.டி.எல்., வி.எல்.டி.எல்., விகிதம் எல்லாத்துக்கும் தனித்தனிக் காசு. ஈரல் பரிசோதனையில குளோபுலினும் அப்பிடித்தான், மொத்தப் புரதத்தில அல்புமினைக் கழிச்சா வாறது. கழித்தல் கணக்குக்கு எதுக்குக் காப்புறுதிக் காசு?

அதால இப்பிடிப் பலது சேந்த கட்டுப் பரிசோதனைக்கு ஒரே பேர், ஒரே விலை. உள்ளுக்கு அளந்தது எது, கணக்குப் பாத்தது எது எண்டு குறிப்பு. லேப் கட்டணப் பட்டியல் திருத்திறதெண்டா இதில இருந்து தொடங்கட்டும்.

அமெரிக்க பில்லிங் பாக்கிறவர்:

தம்பி சொன்ன ஓட்டையில மெடிகெயாரும், அதுதான் வயசானவைக்கான அமெரிக்க அரச காப்புறுதி, விழுந்தது. 2014 சட்டப்படி, தனியார் காப்புறுதி லேப்களுக்குக் குடுக்கிற விலையைத் திரட்டி, எடையிட்ட இடைநிலை (பரிசோதனை எண்ணிக்கைப்படி வாற நடு விலை) பாத்து, 2018 ஜனவரியில இருந்து புதுக் கட்டணம். முதல் மூண்டு வருசம் ஒரு பரிசோதனைக்கு வருசத்துக்கு 10 வீதத்துக்கு மேல குறைக்கேலாது எண்டு வரம்பும் வச்சாங்க. கட்டுப் பரிசோதனையைப் பிரிச்சுப் பில் போட்டா செலவு ஏறும் எண்டு 2018இலயே அங்கத்தைய கணக்காய்வு அலுவலகம் எச்சரிச்சது.

எடையிட்ட இடைநிலை என்ன செய்யும் எண்டு பாருங்க. ஒரு பெரிய லேப் 90 பரிசோதனையை 400 ரூபாய்க்குச் செய்யுது. ஒன்பது சின்ன லேப் ஆளுக்கு ஒண்டு, 700க்கு. நடு விலை 400தான். லேப் பத்து, ஆனா விலை சொல்றது ஒண்டு. ஆஸ்பத்திரி லேப்களில கனக்க முதல் சுற்றில கணக்குக்குள்ளயே வரல்ல.

எம்.எல்.ரி., களுவாஞ்சிக்குடி:

அந்த 700 கொள்ளை லாபமில்ல. காலையில சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் போடமுந்தி, மெஷின் சரியா எண்டு பாக்க, அளவு தெரிஞ்ச மாதிரியை (கொன்ட்ரோல்) ரெண்டு மட்டத்தில ஓட்டவேணும். நாலு ஆக்கள் வந்தா ஆறு பரிசோதனைக்கான ரியேஜன்ட் (பரிசோதனை இரசாயனம்) போகும், ஆளுக்கு ஒண்டரை. அறுபது பேர் வாற இடத்தில 62, ஆளுக்கு ஒண்டும் துளியும். போத்தல் திறந்தா அதுக்கும் ஒரு தவணை இருக்கு. மிச்சம் சிங்கில ஊத்துறதுதான். கொன்ட்ரோலை விட்டா செலவு குறையும், ரிப்போர்ட்டை நம்பேலாது.

பட்டியலில போடுற நிலையான விலைக்கும் ஒரு தவணை வேணும். 2017 டெங்கு நேரம் எஃப்.பி.சி. எண்ட முழு இரத்த எண்ணிக்கைக்கு 250, டெங்கு அன்டிஜனுக்கு 1,000 ரூபாய் உச்சவிலை வந்தது. 2022இல டொலர் 200இல இருந்து 360க்கு ஏறினாப்போல ரியேஜன்ட் எல்லாம் இறக்குமதி விலை. டொலரோட சேத்துத் திருத்தாத பட்டியல் எண்டா லேப்காரன் அந்தப் பரிசோதனையையே நிப்பாட்டுவான்.

சாம்பிள் எடுக்கிற இடம், பொத்துவில்:

மாதிரி எடுக்கிற கூலியையும் தனியா வைக்கோணும் காக்கா. இங்க எடுத்து அக்கரைப்பற்றுக்கோ கல்முனைக்கோ பஸ்ஸில போறது கனக்க. இரத்தத்தைப் பிரிக்காம அனுப்பினா சீனி மணித்தியாலத்துக்கு 5–7 வீதம் குறையும். சீனி குறையாம மருந்து போட்ட சாம்பல் மூடிக் குழாயில எடுத்தா அந்தப் பிரச்சினை குறைவு. குலுங்கி, சிவப்பணு உடைஞ்சா பொட்டாசியம் கூடிக் காட்டும். ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள இரத்தத்தைச் சுழட்டிப் பிரிக்கவேணும், அதுக்கு இங்கயே ஒரு சென்ட்ரிஃபியூஜும் கரண்டும் ஆளும். மெடிகெயார் இரத்தம் எடுக்க மட்டும் பல வருசமா 3 டொலர் தனியாக் குடுத்தது, அதையே மறுகா கூட்டினவங்க.

மாதிரி கெட்டுத் திரும்ப எடுத்தா ரெண்டாவது பில்லைப் "பிரதி" எண்டு வெட்டுவாங்க. அந்தப் பில்லிலயே "சிவப்பணு உடைந்ததால் மாதிரி மீள எடுக்கப்பட்டது" எண்டு எழுதி, எம்.எல்.ரி. கையொப்பமும் திகதியும் வாங்குங்க.

கொடுப்பனவுக் கிளை, மட்டக்களப்பு:

முதல் ரிப்போர்ட்டையும் எறியாம இணையுங்க, அதில சிவப்பணு உடைஞ்சது எண்டு குறிப்பு இருந்தா அதுதான் சாட்சி.