அடுத்த மான் வேட்டைப் பருவத்துக்குக் கருவியிலும் காட்டிலும் எதை மாற்றப் போகிறீர்கள்? சென்ற பருவத்தில் நேர்ந்ததைப் பகிருங்கள்

தென்மேற்கு விஸ்கான்சினிலிருந்து

சென்ற நவம்பரில் துப்பாக்கிப் பருவம் தொடங்கிய சனிக்கிழமை, மாலை நான்கு மணி. இங்கே அந்த நேரத்துக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கிவிடும். சரிவின் நடுவில் ஓக் மரத்தில் கட்டிய பரணில் விடியுமுன் ஏறி உட்கார்ந்தவன், பகல் முழுக்க அணில்களைத் தவிர எதையும் பார்க்கவில்லை. அப்போது கீழே ஓடைப் பக்கம் சருகு நொறுங்கியது. அணில் என்றால் படபடவென்று கேட்கும். இது நின்று நின்று, எடை வைத்து வந்த நடை.

புதருக்குப் பின்னாலிருந்து முதலில் ஒரு காது தெரிந்தது. அப்புறம் கொம்பு, இரு பக்கமும் சேர்த்து எட்டுக் கிளை. இணைசேரும் காலத்தில் ஆண் மானுக்குக் கழுத்து வீங்கும் என்பது தெரியும். இந்த மானுக்குத் தலையும் தோளும் ஒரே கட்டையாக இருந்தன. நாற்பது கெஜ தூரம் இருக்கும். மார்பு இன்னும் புதருக்குள்ளேயே இருந்தது. இரண்டு எட்டு முன்னால் வந்தால் போதும். வரவில்லை. மூக்கைத் தூக்கியது. ஈர மூக்கு சுருங்கி விரிவதைத் துப்பாக்கியின் குறிநோக்கியான ஸ்கோப்பில் பார்த்தேன். முன்னங்காலை உயர்த்தித் தரையில் ஒரு தட்டு. சற்றுப் பொறுத்து இன்னொரு தட்டு. நான் இருந்த பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல், வந்த தடத்திலேயே நடந்து போய்விட்டது.

மூன்று பருவங்களாக நான் காசு செலவழித்ததெல்லாம் கையில் பிடிக்கும் பொருளுக்குத்தான். புது ஸ்கோப், புது இருக்கை, விலை கூடிய ஜாக்கெட். அந்த மானைத் திருப்பி அனுப்பியது காற்று. காலையில் வெயில் ஏற ஏறச் சரிவில் காற்று மேலே எழும். மாலையில் குளிர்ந்த காற்று தண்ணீர்போலப் பள்ளத்தைத் தேடி இறங்கும். நான் மேலே, மான் கீழே. என் வாசனை முழுவதும் ஓடைக்குள் வழிந்து அதன் மூக்கில் விழுந்திருக்கிறது. கைப்பேசிச் செயலி வடமேற்குக் காற்று என்று காட்டியதை நம்பி உட்கார்ந்திருந்தேன். மலைகளுக்கு நடுவே இடுங்கிக் கிடக்கும் எங்கள் பள்ளத்தாக்குகளில், காற்று தணிந்த மாலையில், செயலி காட்டும் திசையை நம்பி உட்காரக் கூடாது.

பக்கத்தில் பால் பண்ணை வைத்திருக்கும் பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் காற்றைப் பற்றிக் கேட்பதற்கு முன், “காலையில் எந்த வழியாகப் போனாய்?” என்று கேட்டார். வயலுக்குக் குறுக்கே என்றேன். “அப்படியானால் உன் சனிக்கிழமை விடியுமுன்னே முடிந்துவிட்டது” என்றார். உண்மைதான். இருட்டில் நான் வயலைக் கடக்கும்போது நான்கைந்து மான்கள் மூக்கால் சீறிக்கொண்டு ஓடிய ஓசை கேட்டது. அவை வயலில் மேய்ந்துகொண்டிருந்தவை. அந்த நேரத்தில் ஒரு சீறல் எழுந்தால் மலை முழுவதற்கும் சேதி போய்விடும்.

எங்களுடையது 38 ஏக்கர். பெரும்பகுதி சரிவுக் காடு, ஐந்து ஏக்கர் வயல், அடியில் ஓர் ஓடை. இந்தப் பிப்ரவரியில் பனி கிடக்கும்போதே இரண்டு வார இறுதிகள் நடந்து பார்த்தேன். பனியில் எல்லாம் எழுதியிருக்கிறது. மான் படுத்த இடங்கள் நீள்வட்டக் குழிகளாக, முகட்டுக்குச் சற்றுக் கீழே, காற்று மறைவான பக்கத்தில் வரிசையாகக் கிடந்தன. அங்கே படுத்தால் பின்னாலிருந்து வருவதை மூக்கு சொல்லும், முன்னால் பள்ளத்தில் நடப்பது கண்ணுக்குத் தெரியும். ஒரு குழிக்குள் கையை வைத்துப் பார்த்தேன். அடிப் பனி உருகி மறுபடி உறைந்து கண்ணாடிபோல் வழவழத்தது; இரண்டு ரோமங்கள் அதில் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தக் குழியில் தலையைத் தாழ்த்தி உட்கார்ந்து பார்த்தால், நான் வழக்கமாக வண்டி நிறுத்தும் இடம் நேராகத் தெரிகிறது. மூன்று பருவங்களாக நான் வருவதையும் போவதையும் அவை படுத்தபடியே பார்த்திருக்கின்றன.

ஆகவே வண்டி இனி சாலையோரத்தில், மேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும். காலை நடை வயலைத் தொடாமல் ஓடை வழியாக. முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் போட்டுத் தண்ணீரிலேயே நடந்தால் காலடி வாசனையும் தங்காது, ஓசையும் கேட்காது. ஓடையிலிருந்து பரண்வரை மீதியிருக்கும் அறுபது எழுபது கெஜத்தை அக்டோபர் கடைசியில் வாருகோலால் சருகு நீக்கி வெறும் மண்ணாக்கிவிடுவேன். மாலைக்கென்று ஓடைக் கரையில் இரண்டாவது பரண். குளிர்ந்த காற்று ஓடையோடு சேர்ந்து கீழே, மான் வராத திசையில் போய்விடும். காலைக்குப் பழைய ஓக் மரமே போதும்.

வயலோரத்தில் ஒரு மறைப்பு வேண்டும். அதற்குச் சோளம் விதைக்கிறேன். ஊரில் மாட்டுக்கு வெட்டிப்போட்ட அதே இனம்தான். இங்கே பத்தடிக்கு மேல் வளரும் நெட்டை வகை ஒன்றை மறைப்புக்கென்றே விற்கிறார்கள். மே கடைசியில் மண் சூடேறிய பிறகு விதைத்தால், முதல் உறைபனியில் செத்த பின்னும் தட்டை நிற்கும். வீட்டுக் கொல்லையில் சோளத்தட்டைக்குள் ஒளிந்து விளையாடியவனுக்கு அது எவ்வளவு மறைக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வயலின் மற்றப் பகுதிக்கு, மான் மேயும் தீவனச் செடியான குளோவர். மண்ணைச் சோதனைக்கு அனுப்பினேன், கார அமில அளவு 5.4 என்று வந்தது. குளோவருக்கு 6.5 வாக்கில் வேண்டும். முந்தைய ஆண்டு நான் போட்ட விதை மஞ்சளாகிச் செத்ததற்குக் காரணம் அதுதான். விதைக்காரரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். சுண்ணாம்பு இட்டாலும் மண் மாற மாதங்கள் ஆகும். அதனால் பாதி வயலுக்கு மட்டும் இப்போது விதை, மறுபாதி சுண்ணாம்போடு ஓராண்டு காத்திருக்கட்டும்.

மரம் வெட்டுவதில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஏப்ரல் முதல் ஜூலைவரை ஓக் மரத்தில் அரிவாள் படக் கூடாது. புது வெட்டுக்கு வரும் வண்டுகள் ஓக் வாடல் நோயைக் கொண்டுவந்துவிடும், வேர் வழியே அடுத்த மரத்துக்கும் பரவும். பூச்சி தின்று நிற்கும் செத்த ஆஷ் மரங்களை மட்டும் இந்தக் குளிரிலேயே சாய்த்துவிட்டேன். கீழே வெயில் விழுந்தால் இளங்கொடியும் செடியும் தானே வரும். மானுக்கு அதைவிட நல்ல தீனி நான் விதைத்துத் தர முடியாது.

கருவியில் பெரிய மாற்றம் இல்லை. துப்பாக்கி அதேதான். ஜாக்கெட் மட்டும் போகிறது. நைலான் மேல்துணி குளிரில் விறைத்து, கையை உயர்த்தும்போதெல்லாம் காகிதம் கசக்குவதுபோல் ஒலிக்கிறது. கம்பளித் துணிக்கு மாறுகிறேன், மேலே, மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படுவதற்காகச் சட்டம் கேட்கும் ஒளிரும் ஆரஞ்சு. ஆரஞ்சைப் பற்றிப் பயப்பட வேண்டாம். மான் கண்ணுக்கு அது மங்கல் நிறம். நீலம்தான் பளிச்சென்று தெரியும். பரணுக்கு ஜீன்ஸ் அணிந்து போகிறவர்கள் அதை முதலில் மாற்றுங்கள்.

பென்சில்வேனியாவிலிருந்து

அண்ணா, எனக்கென்று நிலம் இல்லை. இங்கே மாநில வேட்டை நிலங்கள் பதினைந்து லட்சம் ஏக்கருக்கும் மேல், எல்லாருக்கும் பொது. மரத்தில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. அதனால் என் மாற்றம் எல்லாம் என் கையிலும் மனதிலும்தான்.

நான் வில்லில் வேட்டையாடுகிறேன். அக்டோபர் கடைசி வாரம், முப்பத்திரண்டு கெஜத்தில் ஒரு பெட்டை மான். அம்பு விட்டதும் அது முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாக நடந்தது. பாய்ந்து ஓடவில்லை. அந்தக் கூனலைப் பார்த்தவுடனேயே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும், அம்பு பின்னால் பட்டிருக்கிறது என்று. இறங்கி அம்பை எடுத்தேன். நுரையீரலில் பட்டிருந்தால் இளஞ்சிவப்பும் நுரையுமாக இருக்கும். என் கையுறையில் ஒட்டியது பச்சை கலந்த கறுப்பு, குடல் நாற்றம். எட்டு மணி நேரமாவது, முடிந்தால் பன்னிரண்டு மணி நேரம், அதை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். மழை வரும் என்று சொல்லியிருந்தார்கள். தடம் கரைந்துவிடும் என்ற பதற்றத்தில் ஒன்றரை மணி நேரத்திலேயே பின்னால் போனேன். நூற்றைம்பது கெஜத்தில் படுத்திருந்தது, என்னைக் கண்டு எழுந்து போனது. மறுநாள் பொழுது சாயும்வரை மலை லாரல் புதர்களுக்குள் தவழ்ந்து தேடினேன். கிடைக்கவில்லை. அந்த உயிர் வீணாகப் போனது என்னால். இன்றும் அதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த பருவத்துக்கு என் எல்லை இருபத்திரண்டு கெஜம், அதற்கு மேல் எவ்வளவு நல்ல மானாக இருந்தாலும் வில்லை இழுக்க மாட்டேன். தரையில் நின்று மட்டும் பயின்றது என் தவறு. உயரத்திலிருந்து எய்யும்போது கையை மட்டும் தாழ்த்தினால் குறி மாறும், இடுப்பில் வளைய வேண்டும். வீட்டு மாடிப்படியிலிருந்து இப்போதே தினம் முப்பது அம்பு எய்கிறேன். கயிற்றில் கட்டிய நாயை வைத்துக் காயம்பட்ட மானைத் தேடித்தருகிறவர்களின் எண்ணையும் முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டேன். நடந்த பிறகு தேடக் கூடாது.

ஒன்டாரியோவிலிருந்து

தங்கை எழுதியதை வாசித்துவிட்டு நிறைய நேரம் பேசாமல் இருந்தேன். எல்லாருக்கும் அப்படி ஒரு மான் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது பரணை மரத்தோடு கட்டும் வாரைப் பற்றி. நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து வேட்டைக்குப் போகிறவர்கள். மேப்பிள் மரமொன்றில் தொங்கு பரணை மூன்று வருடம் கழற்றாமல் விட்டிருந்தோம். மரம் பருத்துக்கொண்டே போகும், வார் இறுகிக்கொண்டே போகும், வெயில் நூலைத் தின்னும். வெளியே பார்த்தால் நிறம் மங்கியதைத் தவிர ஒன்றும் தெரியாது. அணில் ஒன்று பின்பக்கத்தைக் கடித்து வைத்திருந்தது. நான் ஏறி இடுப்பைச் சாய்த்ததும் துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம், பலகை காலுக்குக் கீழே இல்லை. என்னை மரத்தோடு கட்டியிருந்த பாதுகாப்புத் தோள்வார் பிடித்துக்கொண்டது. பதினெட்டு அடி உயரத்தில் தொங்கினேன்.

தொங்கும்போதுதான் தெரிந்தது, தோள்வார் நம்மை விழாமல் காப்பது பாதி வேலைதான். தொடை வார் இறுகி இரத்த ஓட்டம் நின்று கால் மரத்துப்போகத் தொடங்கியது. நண்பர் ஏணியோடு வருவதற்குள் எனக்குக் கண் இருட்டியது. இப்போது பையில் ஒரு மிதிகயிறு வைத்திருக்கிறேன். தொங்க நேர்ந்தால் அதில் காலை ஊன்றி நின்று, தொடையின் பாரத்தைக் குறைக்கலாம். தரையிலிருந்து கால் எடுக்கும் நொடி முதலே மரத்தோடு இணைந்திருக்க, மேலிருந்து கீழ்வரை உயிர்க்கயிறு கட்டப் போகிறோம். பருவம் முடிந்தவுடன் எல்லா வாரும் கழன்று வீட்டுக்கு வரும். துப்பாக்கியைக் குண்டு நீக்கிக் கயிற்றில்தான் ஏற்றுவது. ஆரஞ்சு உடை சட்டப்படி எங்களுக்கு 400 சதுர அங்குலமாவது வேண்டும், தொப்பி தனி. இவற்றில் ஒன்றைக்கூட யாரும் விட்டுவிட வேண்டாம்.

மினசோட்டாவிலிருந்து

எனக்கு இது முதல் பருவமாக இருக்கப் போகிறது. இறைச்சியைப் பற்றித்தான் என் மனைவிக்குப் பயம். வீட்டில் நான்கு வயதுக் குழந்தை. மான் இறைச்சியைக் கொடுக்கலாமா?

தென்மேற்கு விஸ்கான்சினிலிருந்து

தம்பி, கேட்டது நல்லது. உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. இரண்டு விஷயம்.

முதலாவது, மான்களின் மூளையை அரிக்கும் தீராத மெலிவு நோய். விஸ்கான்சினில் 2002 இல் கண்டுபிடித்தார்கள், நான் வேட்டையாடும் பகுதிதான் அதன் நடு மையம். மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதிப்படவில்லை. ஆனாலும் நோய் உறுதியான மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. தொண்டையிலிருக்கும் நிணநீர்க் கணுக்களை எடுத்துச் சோதிப்பார்கள். பருவத்தின் மூன்றாம் நாள் எனக்கு ஒரு பெட்டை மான் கிடைத்தது. தலையைச் சாலையோரச் சோதனைப் பெட்டியில் போட்டுவிட்டு, இறைச்சியைத் தனியே பெயர் எழுதி உறைபெட்டியில் வைத்தேன். முடிவு வரும்வரை வீட்டில் ஒரு துண்டும் சமைக்கவில்லை. நோய் இல்லை என்று வந்த அன்று மாலைதான் மிளகு வறுத்து அரைத்து, சின்ன வெங்காயம் போட்டுச் சுக்காவாகச் செய்தோம்.

இரண்டாவது ஈயம். ஈயக் குண்டு எலும்பில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறும். 2008 இல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்குக் கொடுத்த மான் இறைச்சியில் ஈயத் துகள் இருந்ததால், உணவு வங்கிகளிலிருந்து அதைத் திரும்பப் பெற்றார்கள். அதைப் படித்த பிறகு நான் செம்புக் குண்டுக்கு மாறினேன். செம்பு இலேசானது, அதே எடைக்கு நீளமாக இருக்கும். சில துப்பாக்கிகள் அதை ஏற்கும், சில ஏற்காது. கோடையிலேயே இரண்டு மூன்று வகை வாங்கித் தாளில் சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பருவத்துக்கு முந்தைய வாரத்தில் கடையில் எஞ்சியதை வாங்கும் நிலைக்கு வராதீர்கள். பிள்ளைக்கு முதல் தட்டு போடும்போது உங்கள் கை தயங்கக் கூடாது.

ஒன்டாரியோ நண்பர் சொன்ன பிறகு இன்று மதியமே போய்ப் பழைய பரணின் வாரை அறுத்து எடுத்துவிட்டேன். மரப் பட்டைக்குள் அரை அங்குலம் புதைந்திருந்தது. உள்பக்க நூல் விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. நாளை விடியலில் தரை இறுகியிருக்கும்போது குளோவர் விதையைத் தூவப் போகிறேன். பகலில் உருகி இரவில் உறையும்போது மண்ணில் விழும் வெடிப்புகளுக்குள் விதை தானாக இறங்கிவிடும். இரண்டு ஏக்கருக்குப் பன்னிரண்டு பவுண்டு, வாளியில் அளந்து வாசலில் வைத்திருக்கிறேன்.