மறு: அமெரிக்கக் கால்பந்து – 'முரட்டுத் தாக்குதல்' பொருந்துமா?

> 'குவாட்டர்பேக் மீது முரட்டுத் தாக்குதல்' என்றே வைத்துவிடலாம். பார்ப்பவருக்கு உடனே புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். நாம் தமிழ்ப்பெயர் தேடுவது, பந்தை எறிபவரை விதி மீறித் தாக்கும் 'roughing the passer' என்ற குற்றத்துக்கு.

முதலில் 'குவாட்டர்பேக்', அதாவது அணியின் ஆட்டத்தை நடத்தி வழக்கமாகப் பந்தை எறிபவர். ஆனால் என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்) விதி காப்பது பந்தை எறிபவர் யாரோ அவரை. தந்திர ஆட்டத்தில் வேறொருவர் எறிந்தாலும் அவருக்கு அதே காப்பு உண்டு. குவாட்டர்பேக்கே பந்தோடு ஓட ஆரம்பித்தால் அந்தக் காப்பு போய்விடும். காலை முன்னே நீட்டிச் சறுக்கினால் வேறொரு விதி வந்து காக்கும். ஆகவே குற்றத்தின் பெயரில் 'எறிஞர்' வரட்டும். 'வீச்சாளர்' என்றால் கிரிக்கெட் குறுக்கே நிற்கும். ஈட்டி எறிதலும் குண்டு எறிதலும் நமக்கு ஏற்கெனவே பழக்கம்தானே.

அடுத்தது 'முரட்டு'. பந்து கையை விட்ட பிறகு எதிரணித் தடுப்பாளர் ஓர் எட்டுக்கு மேல் எடுத்து வைத்து இடித்தாரா, தலையிலோ கழுத்திலோ பட்டதா, முழங்காலிலோ அதற்குக் கீழோ பாய்ந்தாரா, விழும்போது உடம்பின் பாரம் முழுவதையுமோ பெரும்பகுதியையுமோ எறிஞர்மேல் இறக்கினாரா: நடுவர் பெரும்பாலும் பார்ப்பவை இவைதான். 2022 அக்டோபர் 10 அன்று கன்சாஸ் சிட்டி அணியின் தடுப்பாளர் கிறிஸ் ஜோன்ஸ், ரெய்டர்ஸ் அணியின் குவாட்டர்பேக் டெரெக் கார் என்பவரைப் பிடித்துப் பந்தையும் பறித்துவிட்டார். விழும்போது பந்து ஜோன்ஸின் கையில். இருந்தும் குற்றம் என்று நடுவரின் கொடி விழுந்தது. முழுப் பாரமும் இறங்கியது என்பதே நடுவர் கார்ல் ஷெஃபர்ஸ் சொன்ன காரணம். இதில் முரடு எங்கே?

முந்தின நாள் அட்லாண்டாவின் கிரேடி ஜாரெட், குவாட்டர்பேக் டாம் பிரேடியைச் சுழற்றிக் கீழே தள்ளியதற்கும் அதே 15 கெஜம், அதே தானாகக் கிடைக்கும் முதல் முயற்சி (எறிஞரின் அணிக்கு நான்கு முயற்சிகள் புதிதாகத் தொடங்கும்). தலையில் இடித்தாலும் இதே தண்டம்தான். பாரம் இறக்காமல் விழுவதும் லேசல்ல: 2018இல் இதே டெரெக் கார்மேல் விழாமல் இருக்க உடம்பைத் திருப்பிய மயாமியின் வில்லியம் ஹேஸுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது.

> பந்தை உதைப்பவரைத் தாக்கும் குற்றத்தின் பெயரில் 'முரட்டு' வைத்திருக்கிறோம். இங்கே எடுத்தால் இரட்டை வழக்காகாதா?

ஆகாது. அங்கே இரண்டு படி உண்டு. வெறுமனே மோதினால் 5 கெஜம், முரட்டுத்தனமாகத் தாக்கினால் 15 கெஜமும் முதல் முயற்சியும். பிரித்துக்காட்ட 'முரட்டு' தேவை. எறிஞருக்கு அந்தக் கீழ்ப்படியே கிடையாது. போதாததற்கு, சந்தேகம் வந்தால் குற்றம் என்றே கொடி போடு என்று விதிநூலே நடுவருக்குச் சொல்கிறது. ஒரு வாரம் கொடி, மறுவாரம் மௌனம் என்ற புலம்பலுக்கு வேர் இங்கேதான். இந்தத் தீர்ப்பைக் காணொளி மறுபார்வைக்கு உட்படுத்தலாம் என்று 2023இல் ராம்ஸ் அணி கொண்டுவந்த முன்மொழிவும் தோற்றது.

எனவே என் பரிந்துரை: எறிஞர் காப்பு மீறல்.

---

> எறிஞர் காப்பு மீறல்

ஏற்கலாம். வர்ணனைக்கு நீளம், அங்கே 'காப்பு மீறல்' போதும். ஆனால் பொதுப்பெயர் ஒன்றோடு நின்றுவிட்டால் ஆங்கிலத்தில் உள்ள அதே குழப்பம் தமிழிலும் வரும். எந்த வகை மீறல் என்று தெரியாமல் நியாயமா அநியாயமா என்று எப்படி வாதாடுவது? உட்பிரிவுகளையும் இப்போதே வைத்துவிடுவோம்: தாமத இடி, தலைத்தாக்கு, தாழ்தாக்கு, பாரமேற்றல். 2008 பருவத்தின் முதல் ஆட்டத்தில் பிரேடியின் முழங்கால் போனது தாழ்தாக்கில். தரையில் கிடக்கும் தடுப்பாளர் எழும்பிப் பாயக்கூடாது என்று மறுவருடம் விதியைத் தெளிவாக்கினார்கள்.

---

நான்கில் மூன்று சரி. 'பாரமேற்றல்' என்றால் லாரிதான் கண்ணில் வருகிறது. மேலே முதல் மடலில் வந்த 'பாரம் இறக்குதல்' நன்றாக இருக்கிறது. 'பாரமிறக்கல்' என்று சேர்த்துப் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். ஜாரெட் செய்த மாதிரி சுழற்றித் தள்ளுவதற்கு இந்த நான்கிலும் இடமில்லை, அதற்கு யாராவது ஒரு சொல் தாருங்கள்.