ஆச்சி வீட்டுக் குழு: சித்தியின் இடது மூக்கு

சித்தி (திருநெல்வேலி பேட்டை), காலை 6:40
ராத்திரியும் தூக்கமில்லை அக்கா. இடது காதுக்குள் தண்ணீர் நிற்கிற மாதிரியே இருக்கிறது. குனிந்து கோலம் போட்டால் கன்னம் கனக்கிறது. வாய் உப்புக் கரிக்கிறது, அழுகின வாடை வேறு. காது டாக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லை என்கிறார்.

அம்மா, 6:52
போன மாசம்தானே மாத்திரை முடித்தாய்?

சித்தி, 6:53
போடுகிற வரை சுகம். நிறுத்தினால் பழையபடி.

மாமா (தென்காசி), 7:05
சாரல் என்றதும் ஓடி வந்து குற்றாலம் மெயின் அருவியில் தலையைக் கொடுத்தாய் அல்லவா? நீர் கோத்திருக்கும். நொச்சி போட்டு வேது பிடி.

அத்தை, 7:06
நல்லெண்ணெய் காய்ச்சி காதில் ரெண்டு சொட்டு விடச் சொல்லுங்கள்.

நான், 7:20
ஐயோ அத்தை, எண்ணெய் வேண்டவே வேண்டாம். சித்தி, இடது மூக்கு மட்டுமா ஒழுகுகிறது? வாடை சித்தப்பாவுக்கும் தெரிகிறதா?

சித்தி, 7:22
இடது மட்டும்தான், மஞ்சளாக. அவர் தள்ளித்தான் உட்காருகிறார், இதற்கு மேல் என்ன கேட்க?

நான், 7:23
அந்தப் பக்கம் மேல் கடைவாய்ப் பல்லில் வைத்தியம் ஏதாவது?

சித்தி, 7:25
வேர் சிகிச்சை செய்து கேப் போட்டது. ஆனால் வலியே இல்லையே?

நான், 7:34
வேர் சிகிச்சையில் நரம்பை எடுத்துவிடுவார்கள், சூடும் குளிர்ச்சியும் தெரியாது. அந்தப் பல்லின் வேருக்கும் கன்னத்துக்குள் இருக்கிற சைனஸ் அறைக்கும் நடுவே மெல்லிய எலும்புதான். வேர் நுனியில் சீழ் வைத்தால் ஈறு வீங்காமலே மேலே அந்த அறைக்குள் வடிந்துவிடும். அங்கிருந்து மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கும். காதுக்குப் போகிற குழாயின் வாய் மூக்குக்குப் பின்னால்தான் இருக்கிறது, அது வீங்கினால் காது அடைக்கும். மாத்திரை கிருமியை அடக்கும், பல்லில் இருக்கிற மூலத்தை எடுக்காது. சைனஸில் பூஞ்சை உருண்டை இருந்தாலும் இப்படிக் காட்டும் என்பதால், பார்க்காமல் பல்தான் என்று முடிவு கட்டவும் முடியாது.

அம்மா, 7:36
பல்லைப் பிடுங்கிவிட்டால் தீர்ந்ததா?

நான், 7:39
அவசரப்படாதீர்கள் அம்மா. பிடுங்கின குழி அந்த அறையோடு சேர்ந்துகொண்டால் குடிக்கிற தண்ணீர் மூக்கு வழியே வரும். முதலில் கோன் பீம் சிடி எடுக்கலாம், பல்லையும் தாடையையும் எல்லாப் பக்கமும் காட்டுகிற ஸ்கேன் அது. சாதாரண பல் எக்ஸ்ரேயில் இது தப்பிவிடலாம். பல் டாக்டரும் காது மூக்கு தொண்டை டாக்டரும் ஒரே படத்தைப் பார்க்கட்டும். சித்திக்குச் சுகர் இருப்பதால் இன்னொன்று: கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது, கன்னம் மரத்துப்போவது, அண்ணத்தில் கறுப்பு, இதில் எது வந்தாலும் அன்றைக்கே பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். 2021-ல் கருப்புப் பூஞ்சை சுகர்க்காரர்களைத்தான் அதிகம் பிடித்தது.

மாமா, 7:50
எனக்கும்தான் வலது காது குத்துகிறது. பல் எல்லாம் கல் மாதிரி இருக்கிறது.

நான், 7:51
போயிலை விட்டீர்களா மாமா? வாயில் புண் உண்டா?

அத்தை, 7:52
நாக்கு ஓரத்தில் ஒரு மாசமாக. ரசம்கூட எரிகிறதாம். உங்களிடம் சொல்லக் கூடாது என்றார்.

மாமா, 7:53
பல் கூர் உரசினது, அவ்வளவுதான்.

நான், 7:56
அப்படியும் இருக்கலாம். ஆனால் மூன்று வாரம் தாண்டியும் ஆறாத புண்ணை டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். நாக்கிலும் தொண்டையிலும் இருக்கிற கோளாறு காதில் வலியாகத் தெரியும். சித்திக்கு முன்னால் நீங்கள்தான் வர வேண்டும்.

சித்தி, 7:58
அண்ணே, நாளைக்கே செங்கோட்டை ரயிலில் ஏறுங்கள். நான் ஜங்ஷனில் நிற்கிறேன்.

மாமா, 8:10
நாளைக்கு உரக்கடையில் வேலை கிடக்கிறது.

அத்தை, 8:11
கடையைத் தம்பி பார்த்துக்கொள்வான். நானே கூட்டி வருகிறேன் மதினி.