குடும்பக் குழு: அப்புக்காத்து செல்வநாயகம்

தங்கச்சி (சட்டக் கல்லூரி): எல்லாருக்கும் வணக்கம். அடுத்த கிழமை எங்கள் தமிழ் மன்றத்தில் நான் பேச வேண்டும். சட்டத்தொழிலில் இருந்து பாராளுமன்றம் போன ஒருவரைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இலங்கைத் தமிழர் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தை எடுத்திருக்கிறேன். தேடினால் ஒப்பந்தங்கள்தான் வருகின்றன. அவர் எப்படிப்பட்ட அப்புக்காத்து (வழக்கறிஞர்), ஏன் அரசியலுக்கு வந்தார், அதுதான் எனக்கு வேண்டும். பெரியப்பா, இருக்கிறீர்களா?

மாமா (கொழும்பு): நல்ல தெரிவு பிள்ளை. எங்கள் தெல்லிப்பழையில் பிறந்தவர் அல்லவா!

பெரியப்பா (தெல்லிப்பழை): வளர்ந்தது இங்கே. பிறந்தது மலாயாவில், ஈப்போவில். 1898 மார்ச் 31. சின்ன வயதிலேயே தாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். யூனியன் கல்லூரி, பிறகு சென் ஜோன்ஸ், பிறகு கொழும்பில் சென் தோமஸ். லண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டத்தை இங்கிருந்தபடியே எடுத்தவர். முதல் வேலை வாத்தியார் வேலை. விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டே சட்டம் படித்தார்.

பெரியப்பா: கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் அவருக்குப் பெயர் வந்தது சிவில் வழக்குகளில். ஜி.ஜி. பொன்னம்பலம் எழுந்தால் நீதிமன்றமே அவர் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கும், கிரிமினல் வழக்கில் அவரை வெல்ல ஆள் இல்லை. இவர் அதற்கு நேர் எதிர். மெல்லிய குரல். சொல்லுக்கு மேல் சொல் அடுக்க மாட்டார். எழுத்தில் என்ன இருக்கிறது, கையெழுத்து யாருடையது, அதிலிருந்து என்ன உரிமை வருகிறது என்றுதான் பார்ப்பார். பிற்காலத்தில் இராணி அப்புக்காத்து (குயின்ஸ் கவுன்சல்) ஆனார். இந்தப் பழக்கத்தை விளங்கிக்கொண்டால் அவருடைய அரசியல் முழுவதும் விளங்கும்.

தங்கச்சி: இதைத்தான் தேடினேன். நன்றி பெரியப்பா. இரண்டு பேரும் ஒரே கட்சியில்தானே இருந்தார்கள்?

பெரியப்பா: ஓம். 1944-இல் ஜி.ஜி. தொடங்கிய தமிழ்க் காங்கிரஸ். 1947-இல் காங்கேசன்துறையில் நின்று செல்வநாயகம் பாராளுமன்றம் போனார். அடுத்த வருடமே ஜி.ஜி., பிரதமர் டி.எஸ். சேனநாயக்காவின் மந்திரிசபையில் சேர்ந்தார். செல்வநாயகம், வன்னியசிங்கம், டாக்டர் நாகநாதன் விலகினார்கள். 1949 டிசம்பர் 18, மருதானையில் தமிழரசுக் கட்சி.

சித்தி (ஹட்டனில் படிப்பித்தவர்): பிள்ளை, இந்த இடத்தை ஓடிக் கடக்காதே. ஏன் விலகினார் என்று சொல்ல வேண்டும். பிரசாவுரிமைச் சட்டம்! 1947 தேர்தலில் தோட்டத் தமிழர் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948, 49 சட்டங்களுக்குப் பிறகு அந்தச் சனத்துக்கு வாக்கே இல்லை. இன்றைக்கு அவர்களுக்கு வருவது நாளைக்கு எங்களுக்கும் வரும் என்று எச்சரித்தவர் செல்வநாயகம். தன் தொகுதியில் தோட்டமே இல்லாத ஒரு மனிதர் அந்தச் சனத்துக்காகக் கட்சியை உடைத்துக்கொண்டு வந்தார். நான் படிப்பித்த பிள்ளைகளின் வீடுகளில் தாத்தா பாட்டியின் பிரசாவுரிமைப் பத்திரத்தைத் தகரப் பெட்டியில், துணிக்குள் சுற்றி வைத்திருப்பார்கள். இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 1964-இல்தான் வந்தது. அதிலும் பாதிக்கு மேற்பட்டவர்களை இந்தியாவுக்கு அனுப்பத்தான் தீர்மானித்தார்கள். இதைப் பற்றி யாழ்ப்பாணத்தில் போதிய அளவு கதைக்கிறார்கள் இல்லை, எனக்கு அந்த மனக்குறை உண்டு.

தங்கச்சி: கட்டாயம் சொல்கிறேன் சித்தி.

மாமா: ஆனால் சனம் உடனே அவரோடு போகவில்லை. 1952-இல் காங்கேசன்துறையிலேயே நடேசனிடம் தோற்றார். ஐக்கிய தேசியக் கட்சி!

பெரியப்பா: உண்மை. 1956-இல் சிங்களம் மட்டுமே அரச மொழி என்ற தனிச் சிங்களச் சட்டம் வரப்போகிறது என்றவுடன் சனம் திரும்பியது. அந்தத் தேர்தலில் தமிழரசுக்குப் பத்து ஆசனம். ஜூன் 5, சட்டம் சபைக்கு வந்த நாள், காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். காடையர் வந்து அடித்தார்கள். பக்கத்திலேதான் பாராளுமன்றம்.

அண்ணா (ரொறன்ரோ): நான் இங்கே வேறு மாதிரிச் சொல்லப் போகிறேன், கோபிக்க வேண்டாம். 1957 ஜூலை 26 பிரதமர் பண்டாரநாயக்காவோடு (பண்டா) ஒப்பந்தம். பிரதேச சபைகள், வடக்கு கிழக்கில் தமிழில் நிர்வாகம், காணிக் குடியேற்றத்தில் அதிகாரம். அதை எதிர்த்து ஐக்கிய தேசியக் கட்சி ஜே.ஆர். ஜெயவர்தனா கண்டிக்கு ஊர்வலம் வெளிக்கிட்டார். 1958 ஏப்ரலில் பிக்குமார் அவருடைய கொழும்பு ரொஸ்மீட் பிளேஸ் வீட்டு முற்றத்தில் வந்து குந்தினார்கள், பண்டா ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அடுத்த மாதம் கலவரம். சரி, ஒருமுறை. 1965-இல் டட்லி சேனநாயக்காவோடு இன்னொரு ஒப்பந்தம், அரசாங்கத்திலும் பங்கு. 1968-இல் அதில் சொன்ன மாவட்ட சபையும் போய்விட்டது. சட்டம் படித்த மனிதர் ஒரே கடதாசியை இரண்டு தரம் எப்படி நம்பினார்?

பெரியப்பா: கேட்க வேண்டிய கேள்விதான் தம்பி. எனக்கும் அந்தக் கோபம் இருந்தது, வயது இருபதில் எங்கள் எல்லாருக்கும் இருந்தது. இப்போது நான் நினைப்பது இதுதான். அந்த ஒப்பந்தம் எதுவும் நீதிமன்றத்தில் செல்லாது என்று அவரை விட வடிவாக யாருக்குத் தெரியும்? தெரிந்துகொண்டுதான் போட்டார். நாட்டின் பிரதமர் தன் கைப்பட ஒத்துக்கொண்டார் என்பது பதிவாக வேண்டும். இன்றைக்கும் தீர்வு பற்றிக் கதைக்கிற எவரும் அந்த இரண்டு கடதாசியில் இருந்துதானே தொடங்குகிறார்கள். கிழித்தது யார் என்பதில் சந்தேகம் வராமல் அவர் பார்த்துக்கொண்டார்.

அண்ணா: பதிவு இருந்தது பெரியப்பா. அதற்குள் காணி போனது, வேலை போனது.

பெரியப்பா: போனது. அதை நான் மறுக்கவில்லை. அவரும் சும்மா இருக்கவில்லை. 1961-இல் யாழ்ப்பாணக் கச்சேரியை, அதாவது மாவட்ட அரச செயலகத்தை, மறித்துச் சத்தியாக்கிரகம், பெப்ரவரியில் இருந்து ஏப்ரல் வரை. நிர்வாகமே நின்றது. தமிழரசு தபால் சேவை என்று தொடங்கி முத்திரையும் வெளியிட்டார்கள். பிறகு இராணுவம் வந்தது, தலைவர்களைப் பனாகொடை இராணுவ முகாமில் அடைத்தார்கள்.

பெரியப்பா: தங்கச்சி, நீ பேச வேண்டியது 1972 என்பது என் எண்ணம். மே 22 குடியரசு அரசியலமைப்பு. அதற்கு முன் இருந்த சோல்பரி யாப்பில் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாக இருந்த 29-ஆம் பிரிவு அதில் இல்லை. ஒக்டோபரில் செல்வநாயகம் ஆசனத்தைத் துறந்தார். இந்த அரசியலமைப்பைத் தமிழர் ஏற்கிறார்களா இல்லையா என்று என் தொகுதியில் தேர்தல் வைத்துப் பாருங்கள், நான் தோற்றால் என் கொள்கை பிழை என்று எடுத்துக்கொள்கிறேன் என்பதுதான் அவருடைய சவால். எந்த நீதிமன்றத்துக்கும் போக வழி இல்லாதபோது வழக்கைத் தன் சனத்திடமே கொண்டுபோனார்.

தங்கச்சி: தேர்தல் உடனே நடந்ததா?

பெரியப்பா: எங்கே! அவசரகாலச் சட்டம் என்று சொல்லி இழுத்தார்கள். 1975 பெப்ரவரி 6-இல்தான் நடந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் காங்கேசன்துறைக்குப் பிரதிநிதியே இல்லை. அது என் முதல் வாக்கு. அவருக்கு அப்போது 77 நெருங்குகிறது. நடுக்குவாதம், காதும் சரியாகக் கேட்காது. கூட்டத்தில் கதிரையில் இருத்தி ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டப் பிடிப்பார்கள். வேட்டி மடியில் கை நடுங்கிக்கொண்டே இருக்கும். நாலு வசனம்தான் சொல்வார். பின்வரிசையில் நின்ற எங்களுக்கு அரைவாசி கேட்காது, ஆனாலும் ஒருவரும் அசைய மாட்டோம்.

மாமா: எதிரில் நின்றது கம்யூனிஸ்ட் கட்சி வி. பொன்னம்பலம். லேசான ஆள் இல்லை.

பெரியப்பா: ஓம், நல்ல மனிதர். முடிவு: செல்வநாயகம் 25,927. பொன்னம்பலம் 9,457. வித்தியாசம் 16,470. அந்தத் தீர்ப்பைத்தான் தனி அரசுக்கான ஆணை என்று அவர் அறிவித்தார். சமஷ்டி (கூட்டாட்சி) கேட்டுக் கட்சி தொடங்கியவர் 1976 மே 14 தனி அரசு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானத்துக்குத் தலைமை தாங்கினார்.

அண்ணா: சமஷ்டி கேட்டவரையே அந்த இடத்துக்குத் தள்ளினார்கள் என்று நீங்கள் சொல்கிறீர்கள். அதை நான் ஏற்கிறேன்.

தங்கச்சி: சட்டக் கல்லூரியில் பேசுவதால், கடைசி வழக்கு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

பெரியப்பா: இருக்கிறது. 1976 மே மாதம் குடியரசு நாளை ஒட்டித் துண்டுப்பிரசுரம் கொடுத்ததற்காகத் தமிழரசுக் கட்சி அமிர்தலிங்கத்தையும் மற்றவர்களையும் பிடித்தார்கள். ட்ரயல் அட் பார், யூரி இல்லாமல் மூன்று நீதிபதிகள். குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் பக்கம் அறுபதுக்கு மேற்பட்ட சட்டத்தரணிகள். அதில் செல்வநாயகம், திருச்செல்வம், பிறகு ஜி.ஜி. பொன்னம்பலம்! 1948-இல் பிரிந்தவர்கள், நெடுங்காலம் மேடைக்கு மேடை மோதியவர்கள், ஒரே வாங்கில். அந்த அரசியலமைப்பே செல்லுமா என்று நீதிமன்றத்திலேயே கேட்டார்கள். திருச்செல்வம் அந்த நவம்பரில் போனார். 1977 பெப்ரவரியில் ஜி.ஜி. ஏப்ரல் 26 செல்வநாயகம்.

சித்தி: அரை வருடத்துக்குள் மூன்று பேரும். இப்போது வாசிக்கவும் நெஞ்சு கனக்கிறது.

தங்கச்சி: அப்ப முடிவு செய்துவிட்டேன். 1972 இராஜினாமாவில் தொடங்கி அங்கிருந்து பின்னுக்குப் போகிறேன். சித்தி சொன்ன பிரசாவுரிமைச் சட்டம் நடுவில் வரும், ட்ரயல் அட் பார் கடைசியில். அவருக்குப் பிறகு காங்கேசன்துறையில் யார் வந்தது?

மாமா: அமிர்தலிங்கம், 1977 ஜூலை. அவரும் சட்டத்தரணிதான். தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 ஆசனம், அவர் எதிர்க்கட்சித் தலைவர்.

பெரியப்பா: எழுதி முடித்தவுடன் எனக்கு அனுப்பு பிள்ளை. ஆண்டுகளை ஒருக்கா சரி பார்த்துத் தருகிறேன்.